வளைந்த குமிழ்

"ஒரு வார்த்தை சொல்லலைம்மா அவ" என்றார் கேப்டன் இராஜமன்னார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு உயிரோட இருப்பா."

செண்பகவடிவு நிமிரவில்லை. பற்றவைக்கும் கோலின் நுனியில் ஈயம் உருகி உருண்டது.

"மெஷின்லதான் கோளாறு. அவ குரலை அது என் காதுக்குக் கொண்டு வரலை. இல்லேன்னா ஏன் எனக்குக் கேக்கலை? சொல்லு."

வடிவு கோலைத் தாங்கியில் வைத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு திருப்புளியை எடுத்தாள். அதை அவரிடம் நீட்டினாள்.

அந்த விமானத் திடலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. வடிவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. திருப்புளி வரும்.

*

கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு ஓடுதளம். அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. விமானம் ஓட்டச் சொல்லித்தரும் சிறிய கழகம் ஒன்று அங்கே இருந்தது.

கழகத்துக்கு இரண்டு விமானங்கள். ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு இரண்டு இருக்கைகள். திடலில் இருந்தவர்கள் ஒன்றை அக்கா என்றும் மற்றதைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டார்கள்.

ஆடி மாதம் தங்கச்சி விழுந்தது.

இப்போது கார்த்திகை. கொட்டகையில் அக்கா மட்டும் நின்றது. பக்கத்தில் தங்கச்சி நின்ற இடம் காலி. சிமென்ட் தரையில் அது சொட்டிய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அதை யாரும் கழுவவில்லை. அந்த இடத்தில் யாரும் சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை.

கேப்டனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடங்களாகப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறார். இடது முழங்காலில் இப்போது ஓர் எஃகுத் தகடு. அன்று அவர் பிழைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவி ஜெசிந்தா பிழைக்கவில்லை. அவளுக்கு இருபத்து நான்கு வயது.

எஞ்சின் நின்றுபோனால் வயலில் எப்படி இறங்குவது என்ற பயிற்சி அது. தாழப் பறந்து, தரையைத் தொடாமல் மறுபடி மேலேற வேண்டும். வயலின் வலப்பக்கம் ஓர் ஆட்டுமந்தை. கேப்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் போன மாதம் இல்லாத மின்கம்பி.

இடப்பக்க இருக்கையில் இருந்தவள் ஜெசிந்தா.

பறப்பதில் அந்தத் திடலுக்கே கேப்டன்தான் குரு. விமானத்துக்குள் ஓடும் கம்பிகள் விஷயத்தில் வடிவு. விமானங்களின் ரேடியோ வேலை முழுக்க அவள் பொறுப்பு. வயதில் அவரைவிடப் பதினேழு வருடம் இளையவள்.

"வெள்ளிக்கிழமை ஜெசிந்தாவோட அப்பா வர்றார்" என்றார் கேப்டன், கையில் திருப்புளியோடு. "அவ பையை வாங்கிட்டுப் போக. ஃபோன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'கடைசியா எம்பிள்ள ஏதாச்சும் சொன்னாளா சார்?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னேன்."

"அவர்?"

"நம்பலை. 'எம்பிள்ள வாய மூட மாட்டாளே சார். வலையில ஒரு கண்ணி அறுந்தாலே தெருவக் கூட்டுவாளே'ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. வெச்சிட்டார்."

வடிவு தாங்கியிலிருந்து கோலை மறுபடி எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும் வடிவு. மெஷின் பழுதுன்னு நீ ஒரு வரி எழுதிக் குடு. அதைக் காட்டிடறேன்."

"அக்காவுக்குப் புதுப் பேனல் வந்திருக்கு. மாட்ட மூணு நாள் ஆகும். நீங்க எனக்குக் கையாள்."

"நானா?"

"முட்டி போட முடியுமா சார்?"

"ஒரு முட்டி போடலாம்."

"ஒண்ணு போதும்."

*

முதல் நாள் பழையதைக் கழற்றினார்கள்.

சிறு விமானத்துக்குள் எஞ்சின் போடும் சத்தத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் பேசிக்கொள்ள முடியாது. அதனால் இருவரும் காதை மூடும் ஹெட்செட் மாட்டிக்கொள்வார்கள். உதட்டருகே ஒரு மைக். இவர் பேசுவதை அவர் காதுக்கும், அவர் பேசுவதை இவர் காதுக்கும் எடுத்துப்போவது இன்டர்காம். எந்த ரேடியோவில் பேசுவது, எதைக் கேட்பது என்று பிரித்துக் கொடுப்பது ஆடியோ பேனல். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பெட்டி ஒரு பாடப்புத்தகத்தின் அளவுதான்.

அக்காவின் பழைய பெட்டி மதியத்துக்குள் வெளியே வந்துவிட்டது. கேப்டனின் இரண்டு விரல்களில் கீறல்.

வடிவு அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தாள். அது ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. விசாரணைக்காரர்கள் ஒட்டிய அட்டை அதில் தொங்கியது. 'குறைபாடு காணப்படவில்லை.'

கேப்டன் அட்டையைப் படித்தார். "தங்கச்சியோடதா?"

வடிவு பையைப் பிரித்தாள். பெட்டியின் முகப்பு நசுங்கியிருந்தது. இரைச்சலைக் கட்டுப்படுத்தும் குமிழின் தண்டு வளைந்து, உலோகத்தில் பதிந்து, வலக்கோடியில் சிக்கி நின்றது.

"விழுந்தப்ப திரும்பியிருக்கும்" என்றார் கேப்டன்.

வடிவு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வளைஞ்சிருக்கு" என்றாள். "திரும்பலை."

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள். ஒரு மைக்கைச் செருகி அவரிடம் தந்தாள்.

"பேசுங்க சார்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" கேப்டனின் குரல் திடலின் மறுகோடிக்குக் கேட்கும் குரல். மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியில் அது சுத்தமாக வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

அவர் தோள் தளர்ந்தது. "வேலை செய்யுது."

"உங்களுக்குச் செய்யுது."

"மேசையில எல்லாந்தான் வேலை செய்யும்!" கேப்டன் சீறினார். "வானத்துல செஞ்சுதா? அதைச் சொல்லு!"

"வானத்துல நீங்கதான் சார் இருந்தீங்க" என்றாள் வடிவு. பெட்டியைத் துடைத்து மறுபடி பைக்குள் வைத்தாள்.

*

இரண்டாம் நாள் விடியும்போதே மழை. தகரக் கூரையில் அது விடாமல் அடித்தது.

அன்றைக்குக் கம்பிவேலை. கேப்டன் ஒரு முட்டி போட்டு, இருக்கைக்கு அடியில் தலையை விட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். ஹெட்செட்டைச் செருகும் துளைகளில் வடிவு சின்னச் சின்னச் சிவப்பு வளையங்களைப் பொருத்தினாள்.

"இந்த வாஷர் எதுக்கு?"

"செருகி விமானத்தோட தகரத்தைத் தொடக்கூடாது."

"தொட்டா?"

"எஞ்சின் மின்சாரம் காதுக்குள்ள வந்து கொசு மாதிரி பாடும்."

டார்ச் ஆடியது. கேப்டன் தலையை வெளியே எடுத்தார். நாலு மாதமாக அவர் முகத்தில் இல்லாத வெளிச்சம் அதில் வந்தது.

"அதான் வடிவு! தங்கச்சியில ஒரு வாஷர் உடைஞ்சிருக்கும். கொசுப் பாட்டுல அவ குரல் அமுங்கிப்போயிருக்கும்!"

"கொசு பாடிச்சா சார்?"

கேப்டன் வாயைத் திறந்தார். முப்பது வருடங்களாக, பறந்துவந்த ஒவ்வொரு நிமிடத்தையும் பொய்யில்லாமல் பதிவேட்டில் எழுதியவர் அவர்.

"இல்லை" என்றார். "தங்கச்சிக்குள்ள எப்பவும் அமைதியா இருக்கும். பூஜையறை மாதிரி."

வடிவு அடுத்த வாஷரை எடுத்தாள்.



"அப்ப பயந்துட்டா" என்றார் கேப்டன். குரல் இறங்கியிருந்தது. "கம்பியைப் பார்த்ததும் வாயடைச்சுப் போச்சு. அப்படித்தான் இருக்கணும்."

"பயந்தா கத்துவாங்கள்ல?"

"என் மாணவங்க கத்த மாட்டாங்க. முதல் நாளே சொல்லிடுவேன். மைக் உதட்டுல இருக்கு, அடுத்த ஊர்ல இல்ல. கத்துறவன் பயந்தவன். எது வந்தாலும் தணிஞ்ச குரல்ல, நிதானமா, ரெண்டு தடவை சொல்லணும்."

"ஜெசிந்தா?"

கேப்டன் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அவளா? முதல் வாரம் என் காதே போச்சு. 'சார் அங்க பாருங்க, சார் இங்க பாருங்க'ன்னு ஒரே கூப்பாடு. ஒருநாள் சொன்னேன், 'அம்மாடி, இது உங்க ஊர் மீன் ஏலக்கூடம் இல்ல.' அதோட அடங்கிட்டா. அப்புறம் அவளை மாதிரித் தணிஞ்சு பேச ஆளே கிடையாது."

அதில் ஒரு குருவின் பெருமை இருந்தது.

வடிவின் கை நின்றுவிட்டது. கோலின் நுனியில் இருந்த ஈயம் கம்பியைச் சேருமுன் ஆறி, மங்கிப்போனது. அவள் அதைச் சுரண்டி எடுத்தாள். மறுபடி முதலிலிருந்து பற்றவைத்தாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க சார்."

*

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை.

காலையில் புதுப்பெட்டி அதன் இடத்தில் உட்கார்ந்தது. கடைசித் திருகாணியைக் கேப்டனே முடுக்கினார். நாலு மணி பஸ்ஸில் ஜெசிந்தாவின் அப்பா வருவார். மூன்றே முக்காலுக்கு அக்காவை வெளியே தள்ளினார்கள். மழை தூறலாக இளைத்திருந்தது. ஓடுதளத்தின் மறுகோடி தெரியவில்லை.

"எஞ்சினைப் போட்டு, உக்காந்து, பேசிப் பார்த்துடலாம்" என்றாள் வடிவு. "பறக்க வேண்டாம்."

கேப்டன் வலப்பக்க இருக்கையில் ஏறினார். ஆசிரியரின் இடம் அது. வடிவு சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறினாள்.

அந்த இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹெட்செட் மாட்டினார்கள். எஞ்சின் உறுமிப் பிடித்தது. விமானம் முழுக்க அதிர்ந்தது. புதுப்பெட்டியின் குமிழை வடிவு நடுவில் வைத்திருந்தாள்.

அந்தக் குமிழ் ஒரு வாசல்காரன் மாதிரி. நடுவில் இருந்தால் பேச்சு உள்ளே வரும். கூடவே கொஞ்சம் இரைச்சலும் வரும். வலப்பக்கம் திருப்பத் திருப்ப வாசல்காரன் கண்டிப்பாகிவிடுவான். இரைச்சலை வெளியே நிறுத்துவான். அப்புறம் மெல்லிய குரல்களை. வலக்கோடிக்குப் போய்விட்டால், உரக்கப் பேசுகிறவரைத் தவிர யாரையும் விடமாட்டான்.

கேப்டனின் காதில் இரைச்சல் கரகரத்தது. அவர் வலப்பக்கக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி இருந்தார். அவர் கை தானாக நீண்டது. அது குமிழைத் தேடவில்லை. நேரே அதன்மேல் போய் உட்கார்ந்தது. திருப்பியது. இரைச்சல் குறைந்தது. இன்னும் திருப்பியது. ஓர் எல்லையில் 'டக்' என்று நின்றது.

காதுக்குள் அமைதி. பூஜையறை அமைதி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். தன் குரல் தனக்கே கணீரென்று கேட்டது. "பிரமாதம் வடிவு! ஒரு சத்தமில்லை. கேக்குதா உனக்கு?"

ஓரக்கண்ணில் வடிவின் தலை அசைவது தெரிந்தது. கேட்கிறது.

"எனக்கும் நல்லாக் கேக்குது. இப்படி ஒரு பெட்டி மட்டும் தங்கச்சியில இருந்திருந்தா..." அவர் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பேசேன். எவ்வளவு நேரமா நான் மட்டும் பேசிட்டிருக்கேன்? ஏம்மா சும்மா இருக்கே?"

பதில் இல்லை.

"வடிவு?"

பதில் இல்லை.

அப்போது எஞ்சின் நின்றது. வடிவுதான் நிறுத்தினாள். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

கேப்டன் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

வடிவு நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டருகே மைக். அதற்குப் பின்னால் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தணிந்த குரலில், நிதானமாக, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"சார், இடப்பக்கம் கம்பி. சார், இடப்பக்கம் கம்பி."

ஒரு மூச்சு இடைவெளி.

"சார், இடப்பக்கம் கம்பி. சார், இடப்பக்கம் கம்பி."

கேப்டன் தன் வலது கையைப் பார்த்தார். அதில் ஹெட்செட் இருந்தது. இடது கையைப் பார்த்தார். அது இன்னும் குமிழின் மேல் இருந்தது.

எடுக்க முயன்றார். விரல்கள் உடனே பிரியவில்லை.

தூறல் கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்." வடிவு மைக்கை உதட்டிலிருந்து ஒதுக்கினாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைக்க வருவேன்ல. ரெண்டு விமானத்துலயும் குமிழ் வலக்கோடியில இருக்கும். நடுவுல திருப்பி வெச்சிட்டுப் போவேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி கோடியில இருக்கும். மறுபடி திருப்பி வெப்பேன்."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

"ஆறு வருஷமா!" கேப்டனின் பெரிய குரல் அந்தச் சின்ன விமானத்துக்குள் இடித்துத் திரும்பியது. "ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

வடிவு முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"உங்ககிட்ட யார் சார் சொல்லுவா?"

கேப்டன் குமிழிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தார்.

"நானும் சொல்லலை" என்றாள் வடிவு. "அதுக்கு எந்தத் திருப்புளியும் இல்ல எங்கிட்ட."

கேப்டன் தன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். வெளியே, மஞ்சள் கோட்டுக்கு அந்தப்புறம், ஒருவர் குடையோடு நின்றிருந்தார். வெயிலிலும் உப்பிலும் கறுத்த உடம்பு. வெள்ளைச் சட்டை. எஞ்சின் ஓடியபோதே வந்திருக்க வேண்டும். கோட்டைத் தாண்டக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாண்டாமல் நின்றிருந்தார்.

கேப்டன் கதவைத் திறந்தார். தகடு வைத்த காலை முதலில் இறக்கினார். தூறலில் நொண்டிக்கொண்டு நடந்தார். பத்தடிதான். அதற்குள் இரண்டு தடவை நின்றார்.

ஜெசிந்தாவின் அப்பா சூசைமாணிக்கம் குடையை நீட்டி அவர் தலைக்கும் பிடித்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ஒருமுறை கேட்டாகிவிட்டது.

கேப்டன் பேசினார்.

சூசைமாணிக்கம் முகத்தைச் சாய்த்து அருகில் வந்தார். "மழையில கேக்கல சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

கேப்டன் இராஜமன்னார் மறுபடி சொன்னார்.

"சொன்னா, ஐயா. உங்க பிள்ள சொன்னா."